ஆறு பேர், ஒரு மேசை: பன்னாட்டு வணிகப் பள்ளியில் முதல் ஆறு வாரங்களுக்கு ஒரு வழிகாட்டி

பன்னாட்டு வணிகப் பள்ளி ஒன்றில் எம்.பி.ஏ. படிக்க இடம் கிடைத்ததும் விசா, வங்கிக் கடன், தங்குமிடம் என்ற மூன்று கவலைகள் ஒருவரை முழுதாக விழுங்கிவிடுகின்றன. நான்காவதாக ஒரு வேலை காத்திருக்கிறது என்பது அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரியவரும். முதல் வாரத்திலேயே, பெயரைச் சரியாக உச்சரிக்கவும் தெரியாத நான்கைந்து பேரோடு உங்களை ஒரு மேசையில் உட்கார வைத்து, இனி இதுதான் உங்கள் படிப்புக் குழு, நாளைக் காலைக்குள் இந்த கேஸுக்கு (ஒரு நிறுவனத்தின் சிக்கலைச் சில பக்கங்களில் எழுதி, என்ன செய்யலாம் என்று கேட்கும் பாடம்) விடையோடு வாருங்கள் என்று சொல்லிவிடுவார்கள். அந்த மேசைக்குத் தலைவர் கிடையாது. எவருக்கும் எவரும் சம்பளம் தருவதில்லை. எவரையும் எவரும் வேலையிலிருந்து நீக்கவும் முடியாது. ஒருவர் வங்கியிலிருந்து வந்திருப்பார், ஒருவர் ராணுவத்திலிருந்து, இன்னொருவர் மூன்று தலைமுறையாக நடக்கும் குடும்பத் தொழிலிலிருந்து. அலுவலகத்தில் பதவி செய்து கொடுத்த வேலையை இங்கே பேச்சும் நடத்தையும் மட்டுமே செய்தாக வேண்டும்.

அந்த மேசைக்கு முதல் முறையாகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பத்தாண்டுகள் பொறியாளராக வேலை பார்த்துவிட்டு ஐரோப்பாவில் படிக்கப் போனவன் நான். என் முதல் குழுவில் நான் செய்த தவறுகளில் பாதியாவது இதில் இடம்பெற்றிருக்கின்றன.

மேசை ஏன் இப்படிப் போடப்படுகிறது

குழுக்களைக் கலந்து அமைப்பது தற்செயலாக நடப்பதில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். இதன் வரலாற்றை அறிய பிரான்சின் இன்சியாட் பள்ளியைப் பார்த்தால் போதும். ஐரோப்பியப் பொதுச் சந்தைக்கு அடித்தளமிட்ட ரோம் ஒப்பந்தம் கையெழுத்தான 1957ஆம் ஆண்டிலேயே இன்சியாட்டும் நிறுவப்பட்டது. பிரான்சில் பிறந்து ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் டோரியோவும், அங்கே படித்துத் திரும்பிய கிளோட் ஜான்சென், ஒலிவியே ஜிஸ்கார் டெஸ்டாங் ஆகியோரும் அதன் தொடக்கத்தில் முன்னின்றார்கள். 1959இல் முதல் வகுப்பு பாரிசுக்குத் தென்கிழக்கே உள்ள ஃபோன்டேன்புளோ அரண்மனையில் தொடங்கியபோது, இரண்டாம் உலகப் போர் முடிந்து 14 ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒருவரை ஒருவர் சுட்ட நாடுகளின் பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்து ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என்று மூன்று மொழிகளில் பாடம் கேட்டார்கள். எல்லை தாண்டிப் பொருள் போகவேண்டுமானால் எல்லை தாண்டிப் பேசத் தெரிந்தவர்கள் வேண்டும் என்ற தேவை அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அதை எவரும் சுவரில் எழுதி மாட்ட வேண்டியிருக்கவில்லை.

இன்று அதே பள்ளிக்கு சிங்கப்பூரிலும் அபுதாபியிலும் வளாகங்கள் உள்ளன. எந்த ஒரு நாட்டவரும் பெரும்பான்மையாக இல்லாத வகுப்பு என்பது அதன் அடையாளமாகவே ஆகிவிட்டது. நாடு, தொழில், பாலினம் எல்லாவற்றையும் பார்த்து, வேண்டுமென்றே முரண்படக்கூடியவர்களை ஒரே குழுவில் போடுவது அங்கே நெடுநாள் வழக்கம். வேறு பல பள்ளிகளும் இதையே சிறு மாற்றங்களோடு செய்கின்றன. ஆகவே உங்கள் குழுவில் உரசல் வந்தால், குழு தவறாக அமைந்துவிட்டது என்று அலுவலகத்திடம் போய் முறையிட வேண்டாம். அமைத்தவர்கள் எதிர்பார்த்ததுதான் நடக்கிறது.

முதல் படி: புறப்படும் முன் உங்கள் பழக்கத்தை நீங்களே எழுதிப் பாருங்கள்

பிற நாட்டவரின் பழக்கங்களைப் பற்றிப் படித்துவிட்டுப் போக வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் அதைவிடப் பயன் தருவது, உங்களுக்கு இயல்பாகவும் மற்றவர்களுக்கு விசித்திரமாகவும் தோன்றக்கூடிய உங்கள் பழக்கங்களைக் கண்டுகொள்வது. மீனுக்குத் தண்ணீர் தெரியாததைப் போல நமக்கு அவை தெரிவதில்லை. கொஞ்சம் முயன்றால் பிடித்துவிடலாம்.

இன்சியாட்டில் 1970களில் ஓவன் ஜேம்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தேர்வில் ஒரு கேஸ் கொடுத்துவந்தார். ஒரு நிறுவனத்தில் இரு துறைத் தலைவர்களுக்கு இடையே மோதல். என்ன காரணம், என்ன தீர்வு என்பது கேள்வி. பிரெஞ்சு மாணவர்களில் பெரும்பாலோர், இருவருக்கும் மேலே இருக்கும் அதிகாரி கவனிக்காமல் விட்டதே காரணம், அவரிடம் கொண்டுபோய்த் தீர்ப்புக் கேட்க வேண்டும் என்று எழுதினார்கள். ஜெர்மானியர்கள், யாருக்கு எது பொறுப்பு என்ற விதிமுறை இல்லாததுதான் காரணம், அதை வகுக்க வேண்டும் என்றார்கள். ஆங்கிலேயர்களோ இருவருக்கும் ஒருவரோடு ஒருவர் பேசத் தெரியவில்லை, பயிற்சிக்கு அனுப்பலாம் என்றார்கள். ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே பக்கம் கேஸ். மூன்று விடைகளையும் எழுதியவர்கள் தாங்கள் தங்கள் நாட்டைப் பற்றி எழுதுவதாக நினைக்கவில்லை. பொது அறிவைத்தான் எழுதுவதாக நினைத்தார்கள். இந்தக் கேஸை நீங்களும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 'பெரியவர் யாராவது இருவரையும் கூப்பிட்டுப் பேசி, சமாதானம் செய்துவைக்க வேண்டும்' என்று உங்கள் பேனா எழுதுமானால், வியப்படையத் தேவையில்லை. நானும் அதைத்தான் எழுதினேன்.

இரண்டாவதாக இன்னொரு கேள்வி. அதே பள்ளியைச் சேர்ந்த ஆந்த்ரே லோரான் பல நாட்டு மேலாளர்களிடம் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து ஒப்புகிறீர்களா என்று கேட்டார்: தனக்குக் கீழே வேலை செய்பவர்கள் தங்கள் வேலை பற்றிக் கேட்கக்கூடிய பெரும்பாலான கேள்விகளுக்குத் துல்லியமான விடையை மேலாளர் கைவசம் வைத்திருப்பது முக்கியம். 1983இல் அவர் வெளியிட்ட கணக்கில் ஜப்பானியர்களில் 78 விழுக்காட்டினரும், இத்தாலியர்களில் 66 விழுக்காட்டினரும், பிரெஞ்சுக்காரர்களில் 53 விழுக்காட்டினரும் ஒப்பினார்கள். அமெரிக்கர்களில் 18, சுவீடன்காரர்களில் 10. இது நாற்பதாண்டுப் பழைய கணக்கு, இன்றைய எண்கள் வேறாக இருக்கலாம். ஆனால் கேள்வி கூர் மழுங்கவில்லை. 'எனக்குத் தெரியாது' என்று குழுவின் முன் சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரமாகிறது? சிலர் அதை நேர்மை என்பார்கள், சிலர் தகுதியின்மை என்பார்கள். மேசையில் இரு வகையினரும் இருப்பார்கள்.

மூன்றாவதாக, உங்கள் சொற்களைப் பட்டியலிடுங்கள். நாம் 'பார்க்கலாம்' என்கிறோம். முகத்தை முறிக்காமல் 'முடியாது' என்று சொல்லும் முறை அது என்பது தமிழ் கேட்டு வளர்ந்த எவருக்கும் தெரியும். அதையே நான் ஆங்கிலத்தில் சொன்னபோது, நெதர்லாந்துக்காரர் ஒருவர் தன் நாட்குறிப்பைத் திறந்து, எந்த நாள் பார்க்கலாம் என்று கேட்டார். வேறு வழியின்றி வியாழக்கிழமை என்றேன். வியாழக்கிழமை போகவில்லை. அந்த ஒரு சொல்லால் இழந்த நம்பிக்கையை மீட்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. தலையை இரு பக்கமும் ஆட்டுவது, மூத்தவர் பேசும்போது குறுக்கிடாமல் இருப்பது, சாப்பாட்டுக் கணக்கைத் தனித்தனியாகப் பிரிக்கக் கூச்சப்படுவது என்று உங்கள் பட்டியல் நீளும். அதை முதல் சந்திப்புக்கு எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டாம் படி: நாட்டுச் சராசரியை ஜாதகமாக வாசிக்காதீர்கள்

பாடத்திட்டத்தில் கீர்ட் ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளரின் பெயர் நிச்சயம் வரும். 1967 முதல் 1973 வரை ஐபிஎம் நிறுவனத்தின் ஊழியர்களிடமிருந்து திரட்டப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களைக் கொண்டு, அதிகார இடைவெளி (மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள்), தனிமனிதச் சார்பு (குழுவைவிடத் தனிமனிதரை எவ்வளவு முன்னால் வைக்கிறார்கள்) போன்ற அளவுகோல்களை அவர் வகுத்தார். பின்னர் ராபர்ட் ஹவுஸ் தொடங்கிவைத்த குளோப் ஆய்வு, 62 சமூகங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 17,000 மேலாளர்களைக் கேட்டு, எந்தத் தலைமைப் பண்பு எங்கே மதிக்கப்படுகிறது என்று தொகுத்தது. இரண்டும் படிக்க வேண்டியவை. ஆனால் இவை நாட்டுச் சராசரிகள். சராசரியைத் தனிமனிதர் மீது பொருத்தக்கூடாது என்று ஹாஃப்ஸ்டெட்டே எச்சரித்திருக்கிறார். அந்தப் பக்கத்தை மட்டும் மாணவர்கள் தாண்டிவிடுகிறார்கள்.

எங்கள் குழுவில் எப்போதும் தாமதமாக வந்தவர் ஜெர்மானியர். இதற்கு மேல் இந்தப் படியில் சொல்ல அதிகமில்லை. அளவுகோல்களைக் கேள்வி கேட்கப் பயன்படுத்துங்கள், விடை சொல்லப் பயன்படுத்தாதீர்கள். 'உங்கள் நாட்டில் நேரடியாகக் குறை சொல்ல மாட்டார்களாமே' என்று கேட்பதைவிட, 'உங்கள் பழைய அலுவலகத்தில் ஒருவர் தவறு செய்தால் அதை அவரிடம் எப்படிச் சொல்வார்கள்' என்று கேட்டால், அந்த மனிதர் தன்னைப் பற்றிப் பேசுவார்.

மூன்றாம் படி: முதல் சந்திப்பில் கேஸைத் திறக்காமல் ஒரு தாளை எடுங்கள்

நாளைக் காலை விடை கொடுக்க வேண்டும் என்ற அவசரத்தில் எல்லோரும் நேராகக் கேஸுக்குள் குதிப்பார்கள். நாற்பது நிமிடம் மட்டும் அதைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். கேஸை விட்டுவிட்டுப் பழக்கவழக்கங்களைப் பேசுவது வெட்டி வேலை என்று ஓரிருவர் முகம் சுளிக்கக்கூடும், பரவாயில்லை. ஒரே ஒரு பக்கம், கையால் எழுதியது, எல்லோரும் கையெழுத்திட்டது. அதற்குமேல் நீளமாக எழுதினால் யாரும் திரும்பப் படிக்க மாட்டார்கள்.

எங்கள் தாளில் இருந்ததைச் சொல்கிறேன். கூட்டம் இரவு 7 மணிக்குத் தொடங்கி 9.30க்கு முடியும், நீட்டிக்க வேண்டுமானால் ஆறு பேரும் ஒப்ப வேண்டும். ஏழு மணி என்றால் 7.05 வரை, அதற்குப் பிறகு வருபவர் அடுத்த நாள் காபி வாங்கித் தர வேண்டும். கேஸைப் படிக்காமல் வந்தவர் அன்று குறிப்பெடுப்பார். பேசலாம், ஆனால் முடிவில் அவருக்கு வாக்கில்லை. மேசையில் ஆங்கிலம் மட்டும். இருபது நிமிடம் பேசியும் ஒத்துவராவிட்டால், அந்தப் பாடத்துக்கு அன்று பொறுப்பேற்றிருப்பவர் சொல்வதே முடிவு. எண்ணில் தவறு என்றால் உடனே, எல்லோர் முன்னிலையிலும் சொல்லலாம். நடத்தையில் குறை என்றால் தனியாக, மறுநாள் முடிவதற்குள் சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசி விதிக்காக நாங்கள் அரை மணி நேரம் வாதிட்டோம், அது வீண் போகவில்லை. எல்லோர் முன்னிலையிலும் குறை சொல்வதை அவமானமாகக் கருதுகிறவர் இருவர் எங்களில் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதைச் சதியாகக் கருதுகிறவர் ஒருவர் இருந்தார். இரண்டு உணர்வுகளையும் ஒரே விதியால் திருப்திப்படுத்த முடியாது என்று தெரிந்த பிறகுதான், எண்ணையும் நடத்தையையும் பிரிக்கும் யோசனை வந்தது. யோசனை சொன்னவர் ராணுவத்திலிருந்து வந்தவர். அவர் வேலை செய்த இடத்தில் வரைபடத்தில் பிழை கண்டால் கடைநிலை வீரரும் உடனே குரல் கொடுக்க வேண்டுமாம், ஆனால் அதிகாரியின் நடத்தையை யாரும் அணிவகுப்பில் விமர்சிக்க மாட்டார்களாம்.

தாளில் அவரவர் பண்டிகை, நோன்பு, குடும்பக் கடமை ஆகியவற்றையும் குறித்துவிடுங்கள். நோன்பிருப்பவரை மாலை நோன்பு திறக்கும் நேரத்தில் கூட்டத்துக்கு அழைப்பதும், சந்திரப் புத்தாண்டு இரவில் ஒப்படைப்புத் தேதி வைப்பதும் தெரியாமல் செய்யப்படும் தவறுகள்தான். ஆனால் இரண்டாம் முறை நடந்தால் தெரிந்து செய்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

நான்காம் படி: பொதுநோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள், அதில் மதிப்பெண் இருக்கக் கூடாது

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இந்தப் படியில்தான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், ராபர்ஸ் கேவ் என்ற பூங்காவில், முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் 22 சிறுவர்களை இரு குழுக்களாகப் பிரித்து முகாமிட வைத்தார். போட்டி விளையாட்டுகளை வைத்ததும் இரு குழுக்களும் கொடிகளை எரிப்பது, குடில்களைச் சூறையாடுவது வரை போய்விட்டன. ஒன்றாகச் சாப்பிட வைத்தும் படம் பார்க்க வைத்தும் பயனில்லை. சாப்பாட்டை ஒருவர் மீது ஒருவர் வீசினார்கள். பிறகு முகாமின் தண்ணீர்க் குழாய் அடைபட்டதாகவும், உணவு வாங்கி வர வேண்டிய வண்டி கிளம்ப மறுப்பதாகவும் ஏற்பாடு செய்தார்கள். எந்தக் குழுவாலும் தனியாகத் தீர்க்க முடியாத அந்த வேலைகளை இரு குழுக்களும் சேர்ந்து செய்யச் செய்ய, பகை படிப்படியாகக் குறைந்தது. முன்பு வடமிழுக்கும் போட்டியில் எதிரெதிரே பிடித்த அதே கயிற்றை வண்டியில் கட்டி எல்லோருமாக இழுத்தார்கள். ஆய்வாளர்கள் பின்னாலிருந்து காய் நகர்த்தினார்கள் என்ற விமர்சனம் பின்னாளில் எழுந்தது, அது நியாயமானதே. ஆனாலும் நமக்கு வேண்டிய செய்தி அதில் இருக்கிறது: சேர்ந்து உண்பதாலும் உலா போவதாலும் மட்டும் குழு உருவாகிவிடவில்லை. ஒருவரின்றி மற்றவரால் முடியாத வேலை ஒன்று தேவைப்பட்டது.

இதை எம்.பி.ஏ. மேசைக்குக் கொண்டுவாருங்கள். 'எல்லோரும் நல்ல மதிப்பெண் வாங்குவது' என்பதைக் குழுவின் நோக்கமாக வைத்தால் என்ன நடக்கும்? கணக்காளராக இருந்தவர் நிதிப் பாடத்தின் கேஸ்களைச் செய்வார், விளம்பரத் துறையிலிருந்து வந்தவர் சந்தைப்படுத்தலைச் செய்வார், பொறியாளர் உற்பத்தியைச் செய்வார். மதிப்பெண் வரத்தான் செய்யும். கணக்காளர் தனக்கு ஏற்கெனவே தெரிந்ததை இன்னொரு முறை செய்துவிட்டு, பெருந்தொகையைக் கட்டணமாகச் செலுத்தி வீடு திரும்புவார். ஆறு பேர் ஆறு தனி வேலை பார்த்த இடம் அது. பெயர் மட்டும் குழு. மேலும் தேர்வு வாரம் வந்ததும், நிதித் தாளின் முன்னால் விளம்பரக்காரர் தனியாக உட்கார வேண்டியிருக்கும்.

நாங்கள் பல முறை அடித்துத் திருத்தி எழுதிய வாக்கியம் இது: 'நான்காம் மாத இறுதிக்குள், எந்தப் பாடத்தின் கேஸையும் எங்கள் ஆறு பேரில் யாரைக் கூப்பிட்டாலும் வகுப்பின் முன் நடத்திக் காட்ட முடிய வேண்டும்.' இந்த நோக்கத்தை எவரும் தனியாக எட்ட முடியாது, ஏனெனில் தெரிந்தவர் சொல்லிக்கொடுக்க வேண்டும், தெரியாதவர் தெரியாது என்று ஒப்ப வேண்டும். இதை எழுதிய மறுநாளே வேலைப் பங்கீடு தலைகீழாயிற்று. நிதியில் பலவீனமானவர் நிதிக் கேஸுக்குப் பொறுப்பேற்றார். கணக்காளர் அவருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் மாதம் எங்கள் விடைகள் மற்றக் குழுக்களின் விடைகளைவிட மோசமாகவே இருந்தன என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். இதைத் தாங்கிக்கொள்ள மனம் இல்லாத குழு இந்த வாக்கியத்தை எழுதக் கூடாது, வேறொன்றை எழுதலாம். சில பள்ளிகளில் வகுப்பில் பேசுவதற்கே பெரும் பங்கு மதிப்பெண் உண்டு. ஹார்வர்டில் பல பாடங்களில் அது பாதி வரை போகும். அங்கே 'ஆறு பேரும் வாரத்துக்கு ஒரு முறையாவது வகுப்பில் வாய் திறக்க வைப்போம்' என்ற எளிய நோக்கமே போதுமானதாக இருக்கலாம்.

நீங்கள் எழுதியது சரியான நோக்கமா என்று சோதிக்க ஒரு வழி: அந்த வாக்கியத்தால் உங்கள் குழு நேற்றுச் செய்ததில் எதையாவது இன்று மாற்றிச் செய்கிறதா? எதுவும் மாறவில்லை என்றால் அது அலங்காரம். பள்ளிகளின் வரவேற்பறையில் பளிங்கில் பொறித்திருக்கும் வாசகங்களை இந்தச் சோதனைக்கு உட்படுத்திப் பார்ப்பதும் ஒரு பொழுதுபோக்கு.

ஐந்தாம் படி: முட்டுக்கட்டை போடுபவரை நியமியுங்கள்

இரண்டாம் வாரம். ஒரு குளிர்பான நிறுவனத்தின் பணவரவைக் கணிக்கும் கேஸ். நான்தான் எக்செல்லை வைத்துக்கொண்டிருந்தேன், நான்தான் பேசிக்கொண்டும் இருந்தேன். இரவு ஒன்பதரை ஆகப்போகிறது. 'எல்லாருக்கும் சரிதானே?' என்று கேட்டேன். ஐந்து தலைகள் அசைந்தன. மறுநாள் காலை, திரையில் எங்கள் அட்டவணை வந்ததும் பேராசிரியர் ஒரே ஒரு வரியைக் காட்டினார். சரக்கு இருப்பு கூடும்போது பணம் அதில் முடங்கும். ஆகவே அதைக் கழிக்க வேண்டும். நாங்கள் கூட்டியிருந்தோம். அதற்குக் கீழே இருந்த ஒவ்வோர் எண்ணும் பிழை. இடத்துக்குத் திரும்பியபோது, தென் கொரியாவிலிருந்து வந்த எங்கள் குழுக் கணக்காளரின் தாள் என் கண்ணில் பட்டது. அதே வரியைப் பென்சிலால் வட்டமிட்டுப் பக்கத்தில் சிறிய கேள்விக்குறி ஒன்றைப் போட்டு வைத்திருந்தார், முந்தின இரவிலேயே.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். 'நீங்கள் என் சம்மதத்தைக் கேட்டீர்கள். கணக்கைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை' என்றார்.

அவர் கொரியர் என்பதால் பேசாமலிருந்தார் என்று விளக்கம் சொல்வது சுலபம், ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் 'சரிதானே' என்ற கேள்வி எந்த நாட்டவரிடமிருந்தும் ஆமாம் என்ற விடையைத்தான் பிடுங்கும். கேள்வியை மாற்றாமல் மனிதர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. அன்று மாலை தேர் ஓட்டத்தைப் பற்றி அவர்களிடம் சொன்னேன். திருவாரூர்த் தேர் போன்ற பெருந்தேர் வீதியில் வரும்போது கூட்டம் முழுவதும் வடத்தைப் பிடித்திழுக்கும். ஆனால் சக்கரத்தோடு ஒட்டி நடந்து, உரிய நேரத்தில் மரக்கட்டையைச் சக்கரத்தின் அடியில் கொடுத்துத் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் செய்பவர்கள் வேறு சிலர். அந்தக் கட்டைக்குப் பெயர் முட்டுக்கட்டை. பேச்சு வழக்கில் அந்தச் சொல் இடையூறு என்றே பொருள்படுகிறது. இழுப்பவர்கள் வைத்த பொருள் அது என்று நினைக்கிறேன். கட்டை போடுபவர் இல்லாத தேர் முதல் திருப்பத்திலேயே யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறிவிடும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் சுழற்சி முறையில் ஒருவர் முட்டுக்கட்டை. அந்தச் சொல்லை அவர்களால் உச்சரிக்க முடியவில்லை, 'முட்டு' என்று சுருக்கினார்கள். அவருடைய வேலை ஒன்றே: முடிவு எடுப்பதற்கு முந்தைய பத்து நிமிடத்தில், இந்த விடை தவறாக இருந்தால் எந்த இடத்தில் தவறாக இருக்கும் என்று மூன்று இடங்களைச் சொல்ல வேண்டும். அவரே நம்பாவிட்டாலும் சொல்லியாக வேண்டும். இங்கேதான் பண்பாட்டுச் சிக்கல் அவிழ்கிறது. மாறுபட்டுப் பேசுவது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டவருக்கு, மாறுபட்டுப் பேசுவதே அன்று கொடுக்கப்பட்ட கடமை ஆகிவிடுவதால், பேசாமலிருப்பதுதான் மரியாதைக் குறைவு. எங்கள் கணக்காளர் தன் முறை வந்தபோது மூன்று இடம் கேட்டால் ஏழு இடம் சொன்னார்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, சிறப்பாக நடக்கும் குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருப்பதைக் கண்டு முதலில் குழம்பினார். அந்தக் குழுக்கள் பிழையை அதிகம் செய்யவில்லை, மறைக்காமல் சொல்லின என்பது பிறகுதான் விளங்கியது. உங்கள் குழுவில் யாரும் தவறு கண்டுபிடிக்காத ஒரு வாரம் கழிந்தால், அதைக் கொண்டாடுவதற்கு முன் ஒரு முறை யோசியுங்கள்.

ஆறாம் படி: மொழியும் இடமும்

தாய்மொழியாக ஆங்கிலம் பேசுகிறவர்கள் அறியாமலே மேசையை ஆக்கிரமித்துவிடுவார்கள். நம்மில் ஆங்கில வழியில் படித்தவர்களும் அதில் சேர்த்தி. நாம் வேகமாகவும் நிறையவும் பேசுகிறோம். எந்த விவாதத்துக்கும் முன் மூன்று நிமிடம் எல்லோரும் மௌனமாகத் தங்கள் கருத்தைத் தாளில் எழுதிவிட்டு, பிறகு வரிசையாக வாசிப்பது எங்களுக்குப் பலன் தந்தது. எழுதும்போது மொழிவேகம் குறுக்கே வருவதில்லை.

குழுவில் இன்னொரு தமிழரோ இந்தியரோ இருந்தால் கூடுதல் கவனம் தேவை. 1998இல் டோரா லாவ், கீத் மர்னிகன் என்ற இருவர் குழுக்களின் பிளவுக்கோடு பற்றி எழுதினார்கள். நாடு, தொழில், வயது என்ற வேறுபாடுகள் எல்லாம் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால், குழு அந்தக் கோட்டில்தான் பிளக்கும். இரண்டு இந்தியர்கள், இருவரும் மென்பொருள், இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, இருவருக்கும் ஒரே மொழி என்றால் கோடு கிழித்தாயிற்று. நாற்காலியை மாற்றிப் போடுங்கள். இருவரும் தனியே தமிழில் பேசிச் சிரித்தால், மற்ற நால்வரும் தங்களைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று நினைப்பார்கள். நானும் பிரெஞ்சுக்காரர்கள் இருவர் சிரித்தபோது அப்படித்தான் நினைத்தேன்.

குழு உறுப்பினர்கள் இரு வளாகங்களில் பிரிந்திருந்தால், கூட்ட நேரத்தின் சுமையைச் சுழற்றுங்கள். ஃபோன்டேன்புளோவுக்கும் சிங்கப்பூருக்கும் கோடையில் ஆறு மணி நேரம், குளிர்காலத்தில் ஏழு மணி நேரம் வித்தியாசம். எப்போதும் ஒரே பக்கத்தவர் நள்ளிரவில் விழித்திருந்தால், எந்தப் பொதுநோக்கமும் ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது.

ஏழாம் படி: ஆறாம் வாரத்தில் தாளைத் திரும்ப எடுங்கள்

ஆறு வாரம் முடிந்ததும் ஒரு மாலை நேரத்தைக் கேஸ் எதுவும் இல்லாமல் ஒதுக்கி, முதல் நாள் எழுதிய தாளை மேசையின் நடுவில் வையுங்கள். ஒவ்வொரு வரியையும் ஒருவர் வாசிக்க, கடைப்பிடித்தோமா, இனியும் தேவையா என்று மட்டும் கேளுங்கள். யார் கடைப்பிடிக்கவில்லை என்று கேட்கத் தொடங்கினால் மாலை வீணாகிவிடும். தேவையற்றதை அடியுங்கள், புதிதாக ஏதாவது வேண்டுமானால் ஓரத்தில் எழுதுங்கள், மறுபடி கையெழுத்திடுங்கள்.

எங்கள் தாளில் காபி விதி அன்று அடிபட்டது, ஏனெனில் ஜெர்மானியர் காபி வாங்கித் தருவதை அனுபவிக்கத் தொடங்கியிருந்தார். வாக்கில்லை என்ற விதியும் போயிற்று. படிக்காமல் வருவது தானாகவே நின்றுவிட்டது. எண்ணையும் நடத்தையையும் பிரிக்கும் விதி மட்டும் அப்படியே நீடித்தது. ஓரத்தில் புதிதாகச் சேர்த்தது ஒரே வரி, அதை எழுதியவர் கணக்காளர்: கூட்டத்தின் முடிவில் 'சரிதானே' என்று கேட்கக் கூடாது.